பழைய மானிட்டரும் புது கார்டும்: ஒரு நீலச் செருகியின் கதை

போன மாசம் புது கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. பெட்டி, மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் புதுசு. மானிட்டர் மட்டும் பழசு. 2006ல வாங்கின 17 இன்ச் எல்சிடி. கிட்டத்தட்ட சதுரமா இருக்குமே, அந்த வகை. ஒரு புள்ளி கூட இன்னும் சாகலை. வெளிச்சம் கொஞ்சம் மங்கியிருக்கு, அவ்வளவுதான். நல்லா ஓடற சாமானை எதுக்குத் தூக்கிப் போடணும், புதுசோடயே மாட்டிக்கலாம்னு நினைச்சேன்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தா மாட்டறதுக்கு இடமே இல்லை. கார்டுல மூணு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ. மானிட்டரோட வயர் முனையில இருக்கறதோ அந்த நீலக் கலர், ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ வச்ச, 15 பின் விஜிஏ.

பக்கத்துல ஒரு கடையில கேட்டேன். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் விஜிஏ, நடுவுல வெறும் வயர். அப்படி ஒரு கேபிளை எடுத்துக் கொடுத்தார். "மாட்டுங்க சார், படம் வந்துரும்." வரலை. "நோ சிக்னல்"னு ஒரு சின்னப் பெட்டி திரையில அங்கயும் இங்கயும் மிதந்துக்கிட்டே இருந்தது. கேபிளைக் கழட்டி மாட்டி, கார்டைக் கழட்டி மாட்டி, ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. அப்புறம்தான் புரிஞ்சது, அந்தக் கேபிள்ல ரிப்பேர் எதுவும் இல்லை. அது என்னிக்குமே என் கார்டுல வேலை செஞ்சிருக்க முடியாத கேபிள்! ஏன்னு தோண்டப் போய் 1981 வரைக்கும் போயிட்டேன். அந்தக் கதைதான் இது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன்னோட முதல் பிசியை வெளியிட்டது. திரைக்கு ரெண்டு கார்டு. ஒண்ணு எம்டிஏ, பச்சை எழுத்து மட்டும் காட்டும், படம் கிடையாது. இன்னொண்ணு சிஜிஏ, கலர் காட்டும். ரெண்டுக்குமே பின்னாடி இருந்தது ஒரே மாதிரியான 9 பின் சாக்கெட். இதுலதான் வில்லங்கம்.

ட்யூப் மானிட்டர்ல எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமா கோடு கோடா வரைஞ்சுக்கிட்டே கீழே இறங்கும். ஒரு நொடிக்கு எத்தனை கோடுங்கறதுதான் அதோட கிடைமட்ட அதிர்வெண். எம்டிஏ நொடிக்குச் சுமார் 18,400 கோடு போட்டது. சிஜிஏ அமெரிக்க டிவி கணக்கையே எடுத்துக்கிட்டு சுமார் 15,700 கோடு போட்டது. ஐபிஎம்மின் பச்சை மானிட்டருக்குள்ள சொந்தமா தாளம் போடற சர்க்யூட் கிடையாது. கார்டு அனுப்பற துடிப்பை அப்படியே வாங்கி உள்ளே இருக்கற உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டும். அதனால பச்சை மானிட்டரைத் தெரியாத்தனமா சிஜிஏ கார்டுல செருகிட்டா, படம் வராதது ஒரு பக்கம், மானிட்டரே சூடாகிக் கருகிப் போகலாம். சாஃப்ட்வேர்ல கூட ஆபத்து இருந்தது. கார்டுல இருந்த மோட்டரோலா 6845 சிப்புக்குத் தப்பான எண்களைக் கொடுத்தா அதே கதிதான். ஆக, "இந்த மானிட்டர் அந்தக் கார்டோட ஓடுமா?"ங்கற கேள்விக்கு பிசி உலகம் கொடுத்த முதல் பதில், "பார்த்துப்பா, புகை வரும்" :-)

இன்னொரு விஷயம் படிச்சப்ப எனக்கே ஆச்சரியமா இருந்தது. டிஜிட்டல்னா புதுசு, அனலாக்னா பழசுன்னுதானே நினைக்கறோம்? பிசி மானிட்டர்ல வரிசை தலைகீழ். சிஜிஏ டிஜிட்டல்தான்! சிவப்பு, பச்சை, நீலம், கூடவே வெளிச்சத்துக்கு ஒண்ணு, ஆக நாலு வயர். ஒவ்வொண்ணும் ஆன் இல்லைன்னா ஆஃப். நாலு வயருக்கு 16 கலர், அதுக்கு மேல வழியே இல்லை. 1984ல் இஜிஏ வந்தப்ப கலருக்கு ஆறு வயர் ஆக்கினாங்க. 64 கலர்ல இருந்து ஒரு நேரத்துல 16 எடுத்துக்கலாம். அதுக்கும் புது மானிட்டர். இன்னும் கலர் வேணும்னா இன்னும் வயர், இன்னும் பின், மறுபடி புது மானிட்டர். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கார்டையும் மானிட்டரையும் ஜோடியா மாத்தணும்.

இந்த நேரத்துல ஜப்பானின் என்இசி ஒரு நல்ல காரியம் பண்ணியது. 80களின் நடுவில் வந்த அவங்களோட மல்டிசிங்க் மானிட்டர், கார்டு என்ன தாளம் போடுதுன்னு கவனிச்சு, சுமார் 15லிருந்து 35 கிலோஹெர்ட்ஸ் வரை எதுவா இருந்தாலும் கூடவே ஆடும். டிஜிட்டல், அனலாக் ரெண்டையும் வாங்கிக்கும். கார்டுக்கு ஏத்த மானிட்டர்ங்கற நிலைமை போய், எந்தக் கார்டுக்கும் ஒரு மானிட்டர்ங்கற எண்ணமே பிசி பக்கம் இதுலதான் ஆரம்பிச்சது. விலை என்னமோ ஜாஸ்திதான். ஆனா இஜிஏ காலத்துல அதை வாங்கினவங்க அடுத்து வந்த மாற்றத்துல தப்பிச்சாங்க. வெறும் கேபிளை மாத்தினாலே போதுமா இருந்தது.

அந்த மாற்றம்தான் விஜிஏ. 1987 ஏப்ரல் 2ம் தேதி ஐபிஎம் தன்னோட பிஎஸ்/2 வரிசையை அறிவித்தது. குளோன் கம்பெனிகள் கிட்ட இழந்த சந்தையைத் திரும்பப் பிடிக்கணும்னு கொண்டு வந்த வரிசை. மைக்ரோ சேனல்னு புது ஸ்லாட், அதுக்கு மத்தவங்க காசு கொடுத்து அனுமதி வாங்கணும். யாரும் பெரிசா சட்டை பண்ணலை, மைக்ரோ சேனல் செத்துப் போச்சு. ஆனா அந்த வரிசையில் தப்பிப் பிழைச்ச சாமான்கள் உண்டு. கீபோர்டு, மவுஸுக்கான அந்தக் குட்டி வட்டச் சாக்கெட் ஒண்ணு. இன்னொண்ணு, நம்ம 15 பின் விஜிஏ.

ஐபிஎம் இதுல பண்ணின முக்கியமான வேலை, டிஜிட்டலை விட்டுட்டு அனலாக்குக்குப் போனது. கலருக்கு மூணே மூணு வயர். ஒவ்வொண்ணுலயும் 0லிருந்து 0.7 வோல்ட் வரை எவ்வளவு மின்னழுத்தமோ அவ்வளவு வெளிச்சம். அப்புறம் "கோடு முடிஞ்சது", "பக்கம் முடிஞ்சது"ன்னு சொல்ல ரெண்டு வயர். பதினஞ்சு பின் இருந்தாலும் (கிரவுண்டை விட்டுட்டா) படத்துக்கு வேணுங்கறது இந்த அஞ்சுதான். கார்டுக்குள்ள இருக்கற எண்களை மின்னழுத்தமா மாத்தறதுக்கு ஒரு சிப், இங்கிலாந்தின் இன்மாஸ் கம்பெனி செஞ்சது. கலருக்கு 6 பிட், ஆக மொத்தம் 2,62,144 கலர். அதுல ஒரு நேரத்துல 256.

இதுல என்ன பெரிய விஷயம்? அந்த மூணு வயருக்கு எத்தனை கலர்னு தெரியாது. மானிட்டருக்கும் தெரியாது. கார்டு 6 பிட்ல கணக்குப் போட்டுதா, 8 பிட்லயாங்கறது கார்டோட சொந்தக் கவலை. சில வருஷம் கழிச்சு 8 பிட் கார்டுகள் வந்து 1.67 கோடி கலர் காட்டினப்போ, 1987 மானிட்டர் ஒண்ணும் பேசாம அதையும் காட்டியது. மானிட்டர்ல ஒரு ஸ்க்ரூவைக் கூடத் திருப்ப வேண்டியிருக்கலை. டிஜிட்டல் வயர் கணக்கு பார்க்கும், அனலாக் வயர் கேள்வி கேட்காது. ஐபிஎம் எஞ்சினியர்கள் அடுத்த முப்பது வருஷத்தை மனசுல வச்சு இதைச் செஞ்சாங்கன்னு நான் நம்பலை. அன்னிக்குக் கலர் அதிகமா வேணும், வயர் கம்மியா வேணும், அதுக்கு இது சுளுவான வழி. ஆனா பழைய மானிட்டர் வச்சிருக்கற ஆளுக்கு அதை விடப் பெரிய உபகாரத்தை எந்தக் கமிட்டியும் திட்டம் போட்டுச் செஞ்சதில்லை.

அதோட, விஜிஏவின் அடிப்படைத் தாளம் நொடிக்கு சுமார் 31,500 கோடு. 640x480 படமோ, 720x400 எழுத்துத் திரையோ, ரெண்டும் அதே தாளம்தான். எத்தனை கோடு உயரம்னு மானிட்டருக்கு எப்படிச் சொல்றது? அந்த ரெண்டு துடிப்பு வயர்களையும் நேரா அனுப்பறதா, தலைகீழா அனுப்பறதாங்கறதை வச்சு! ரெண்டே வயர்ல எத்தனை தகவல் பாருங்க. பின்னாடி வந்த ஒவ்வொரு கார்டும், எவ்வளவு பெரிய கார்டா இருந்தாலும், மெஷினைப் போட்டதும் முதல்ல இந்த எழுத்துத் திரையிலதான் கண்ணைத் திறந்தது. 1987ல் வாங்கின விஜிஏ மானிட்டரை 2010ல் வாங்கின கார்டுல மாட்டினா விண்டோஸ் வந்தப்புறம் தகராறு பண்ணலாம். ஆனா அந்தக் கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து, ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எதுன்னு ஓடுமே, அது வரைக்கும் காட்டிரும். இருபத்துமூணு வருஷ இடைவெளி! கம்ப்யூட்டர் உலகத்துல இது ஒரு யுகம்.

(நீலக் கலர் மட்டும் அப்புறம் வந்தது. மைக்ரோசாஃப்ட்டும் இன்டெலும் சேர்ந்து போட்ட பிசி 99 விதிகள்லதான் கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை, விஜிஏவுக்கு நீலம்னு வந்தது. அதுக்கு முன்னாடி எல்லாம் ஒரே கலர், தடவித் தடவிச் செருகினதுதான்.)

அதுக்காக நடுவுல சண்டையே இல்லைன்னு சொல்ல வரலை. 800x600, 1024x768ன்னு அளவு ஏற ஏற, ஆளாளுக்கு ஒரு தாளம் போட்டாங்க. அதை ஒழுங்கு பண்ணத்தான் 80களின் கடைசியில் என்இசி முன்கை எடுத்து வேசாங்கற அமைப்பு உருவானது. மானிட்டரே "நான் யாரு, எனக்கு என்னென்ன தெரியும்"னு கார்டுக்குச் சொல்ற டிடிசி ஏற்பாடு 1994ல் வந்தது. விஜிஏவில் அதிகம் பயன்படாம கிடந்த 12வது, 15வது பின்களை அதுக்கு எடுத்துக்கிட்டாங்க. பழைய மானிட்டர் பதில் சொல்லாது, அவ்வளவுதான். சொல்லலைன்னாலும் படம் வரும்.

2000 வாக்கில் லினக்ஸ் போட்டு அல்லாடினவங்களுக்கு இந்தப் பகுதி ஞாபகம் இருக்கும். எக்ஸ்ஃப்ரீ86 கான்ஃபிக் ஃபைல்ல மானிட்டரோட கிடைமட்ட, செங்குத்து அதிர்வெண் என்னன்னு நாமளே எழுதணும். மானிட்டர் கூட வந்த மேனுவலை எங்கயோ தொலைச்சிருப்போம். குத்துமதிப்பா ஒரு எண்ணைப் போடுவோம். "தப்பா போட்டா மானிட்டர் பழுதாகலாம்"னு ஒரு எச்சரிக்கை வேற வயித்துல புளியைக் கரைக்கும். 'கீ...'ன்னு ஒரு சத்தம் வந்தா பாய்ஞ்சு ஸ்விட்சை அணைச்சவங்கள்ல நானும் ஒருத்தன். பின்னாடி வந்த மானிட்டர்கள் கொஞ்சம் சமர்த்து, "அவுட் ஆஃப் ரேஞ்ச்"னு சொல்லிட்டுச் சும்மா இருந்துரும்.

எல்சிடி வந்தப்புறம்தான் உண்மையான கூத்து. எல்சிடி பேனல் அடிப்படையில் டிஜிட்டல். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் கொடுத்தா போதும். கார்டுக்குள்ள இருக்கறதும் எண்தான். ஆனா நடுவுல விஜிஏ வயர்! கார்டு எண்ணை மின்னழுத்தமா மாத்தும், மானிட்டர் அந்த மின்னழுத்தத்தை அளந்து மறுபடி எண்ணா மாத்தும். தமிழ்ல எழுதின கடுதாசியை இங்கிலீஷ்ல மாத்தி அனுப்பி, போஸ்ட்மேன் அதைத் திரும்பத் தமிழாக்கி வாசலில் படிச்சுக் காட்டற மாதிரி. ஒரு புள்ளி எங்கே முடியுது, அடுத்தது எங்கே ஆரம்பிக்குதுன்னு அனலாக் வயர்ல கோடு போட்டு வச்சிருக்காது. மானிட்டர் ஊகிக்கணும். ஊகம் அரைப் புள்ளி தப்பினா எழுத்து எல்லாம் கலங்கும். இங்கிலீஷுக்கு இது அவ்வளவா தெரியாது. நம்ம 'ண'வுக்கும் 'ன'வுக்கும் சுழி எண்ணிப் பார்க்கணுமே, சின்ன எழுத்துல ரெண்டும் ஒரே பொட்டாத் தெரியும். அதுக்குத்தான் மானிட்டர் கீழே "ஆட்டோ"ன்னு ஒரு பட்டன். அமுக்கினா படம் ஒரு தடவை இடப்பக்கம் துள்ளி, வலப்பக்கம் துள்ளி, சரியா உட்காரும்.

இந்தக் கூத்தை நிறுத்தறதுக்குத்தான் 1999ல் டிவிஐ வந்தது. இன்டெல், ஐபிஎம், காம்பேக், எச்பி, என்இசி எல்லாரும் இருந்த ஒரு கூட்டணி. இதைச் செஞ்சவங்க பழசை மறக்கலை. டிவிஐ-ஐ ங்கற வகையில டிஜிட்டல் பின்கள் ஒரு பக்கம், ஓரத்துல ஒரு பட்டையான பின்னைச் சுத்தி நாலு குட்டிப் பின்ல அதே பழைய விஜிஏ சிக்னல். கார்டு வாங்கினா டப்பாவுக்குள்ள ஒரு வெள்ளை அடாப்டர் ஓசியா வரும். உள்ளே எந்த சிப்பும் கிடையாது, வெறும் வயர் இணைப்பு. அதைப் போட்டா பழைய மானிட்டர் ஓடும். என்கிட்ட மட்டும் இது நாலு இருக்கு.

ஆனா விலை குறைஞ்ச எல்சிடி செஞ்சவங்க டிவிஐயைப் போடவே இல்லை. எல்லா கம்ப்யூட்டர்லயும் விஜிஏ இருக்கும்போது எதுக்கு ரெண்டாவது சாக்கெட், மிச்சம் பண்ணு. அப்படி மிச்சம் பண்ணின மானிட்டர்தான் என்னுடையதும். 2006ல கடைக்காரர் டிவிஐ வச்ச மாடலையும் காட்டினார், விலையைக் கேட்டுட்டு நான்தான் வேண்டாம்னேன். ஹிஹி, அதனால இதுல யாரையும் குத்தம் சொல்றதுக்கில்லை.

முடிவு தேதி குறிச்சது 2010 டிசம்பர் 8. இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, கூடவே சாம்சங், எல்ஜியின் திரை செய்யற பிரிவுகள், எல்லாரும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டாங்க. 2015க்குள்ள சிப்களில் விஜிஏவை நிறுத்திடப் போறோம், இனிமே எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான்னு. சும்மா சொல்லலை. 2013 அக்டோபரில் ஏஎம்டியின் ஆர்9 290எக்ஸ் அனலாக் இல்லாமல் வந்தது. 2015ல் இன்டெலின் ஸ்கைலேக் சிப்பில் விஜிஏ போச்சு. 2016 மே மாசம் என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 வந்தது, அதுலயும் இல்லை.

காரணம் இல்லாமலும் இல்லை. டிஜிட்டல் சர்க்யூட்டை ஒவ்வொரு தலைமுறைக்கும் சுருக்கிக்கிட்டே போகலாம். 0.7 வோல்ட்டைத் துல்லியமா வெளியே தள்ளற அனலாக் பகுதி அந்த வேகத்துக்குச் சுருங்காது. சுத்தி எல்லாம் சின்னதாகும்போது அது மட்டும் இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். சினிமாக்காரங்க அனலாக் வயர்ல இருந்து படத்தைத் திருடறாங்கன்னு ப்ளூரே பிளேயர்கள்ல அனலாக்கை 2010லயும் 2013லயும் ரெண்டு கட்டமா ஒடுக்கினதும் இதே காலம்தான். ஆனா அது தனிக் கதை, ரெண்டையும் முடிச்சுப் போட நான் விரும்பலை.

அஞ்சு வருஷம் முன்னாடியே சொல்லிட்டுத்தான் செஞ்சாங்க, அது நியாயம். எனக்கு உறுத்தறது வேற. நீலச் சாக்கெட் கார்டுல இருந்து மறைஞ்சது பல வருஷம் முன்னாடியே. அது யாரையும் பாதிக்கலை, வெள்ளை அடாப்டர் இருந்தது. நிஜமா கதவு மூடினது, டிவிஐ-ஐ இருந்த இடத்துல டிவிஐ-டி வந்த அன்னிக்கு. அதே வெள்ளை சாக்கெட், அதே அளவு, அதே ஸ்க்ரூ. ஓரத்துல நாலு ஓட்டை மட்டும் இல்லை! டப்பா மேல படம் பார்த்து வாங்கினவங்க எத்தனை பேர் அதைக் கவனிச்சிருப்பாங்க? வீட்டுக்கு வந்து அடாப்டரைச் செருகிப் பார்த்து, போகலைன்னதும் அந்த நாலு பின்னையும் உடைச்சுட்டுச் செருகினவங்க உண்டு. செருகிடலாம், ஆனா படம் எப்படி வரும்? பின்னால சாக்கெட்ல வயரே இல்லை, சாக்கெட்டுக்குப் பின்னால சிப்ல அந்தப் பகுதியே இல்லை.

என்னோட கேபிள் கதையும் இதேதான். எச்டிஎம்ஐயில் போறது மின்னழுத்த அளவு இல்லை, எண்கள். என் மானிட்டரோட 1280x1024 அளவுக்கு நொடிக்கு 10.8 கோடி புள்ளி. ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஜோடி வயர், ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 108 கோடி பிட். அதைக் கொண்டு போய் 0.7 வோல்ட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கற வயர்ல வெறுமனே ஒட்டினா மானிட்டருக்கு என்ன புரியும்? செருகியோட உருவத்தை மாத்தினா போதாது, நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும். அதாவது கார்டுல இருந்து 2016ல தூக்கின அந்தச் சின்ன சிப், வெளியே ஒரு டப்பாவுல.

அப்படி டப்பா கிடைக்குது. சில நூறு ரூபாய்தான். வாங்கறவங்க ரெண்டு மூணு விஷயம் பார்த்துக்கோங்க. இது ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐயில் இருந்து விஜிஏவுக்கு மாத்தறது வேற, விஜிஏவில் இருந்து எச்டிஎம்ஐக்கு மாத்தறது வேற. பேரு திரும்பியிருந்தா வேலைக்கு ஆகாது. டிஸ்ப்ளேபோர்ட்டில் ரெண்டு பிளஸ் குறி போட்டிருந்தா சிப் இல்லாத அடாப்டர் போதும்னு சிலர் சொல்வாங்க. அது எச்டிஎம்ஐ, டிவிஐக்குத்தான், விஜிஏவுக்கு எப்படியும் சிப் வேணும். இன்னொண்ணு, அந்த சிப்புக்கு மின்சாரம் வேணும். எச்டிஎம்ஐ சாக்கெட் கட்டாயம் கொடுக்கணும்னு விதியில இருக்கறது 5 வோல்ட்டில் 55 மில்லிஆம்பியர் மட்டும்தான். போதாம படம் விட்டு விட்டு வந்தா, பக்கத்துல யுஎஸ்பி வயர் மாட்டற ஓட்டை வச்ச டப்பாவா வாங்குங்க. பெரும்பாலான டப்பாக்கள்ல சினிமாக்காரங்களோட பூட்டுக்குச் சாவி கிடையாது, அதனால சில படத் தளங்கள் முரண்டு பிடிக்கும். எனக்கு அது பிரச்சினை இல்லை.

எல்சிடிக்கு இந்த டப்பா தாராளம். ட்யூப் மானிட்டர் பிரியர்களுக்குத்தான் திண்டாட்டம். 2000களின் நடுவில் வந்த கார்டுகளில் அனலாக் சிப் 400 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். நல்ல ட்யூப் மானிட்டர்ல 1600x1200ஐ 85 ஹெர்ட்ஸில் ஓட்ட 229.5 மெகாஹெர்ட்ஸ் போதும், அது கார்டுக்குத் தூசி. மலிவான எச்டிஎம்ஐ டப்பாக்கள் 1920x1080, 60 ஹெர்ட்ஸ் தாண்டினா மூச்சு வாங்கும். அதாவது, பழைய கார்டுக்குள்ள ஓசியா இருந்தது புது டப்பாவை விட உசத்தி! சோனியின் எஃப்டபிள்யூ900னு ஒரு 24 இன்ச் அகலத்திரை ட்யூப் மானிட்டர் உண்டு. கிட்டத்தட்ட 42 கிலோ. 2304x1440 அளவை 80 ஹெர்ட்ஸில் காட்டும். 2019ல் டிஜிட்டல் ஃபவுண்டரிக்காரங்க புது கேம்களை அதுல ஓட்டிக் காட்டினப்புறம், குப்பைக்குப் போக வேண்டிய அந்த மானிட்டரைத் தேடி ஆட்கள் அலைஞ்சாங்க. அதுக்காகவே, அனலாக் இருந்த கடைசி பெரிய கார்டுகள்ல ஒண்ணான ஜிடிஎக்ஸ் 980 டிஐயைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கறவங்க உண்டு. இன்னும் சிலர் மதர்போர்டுல விஜிஏ இருந்தா மானிட்டரை அதுல மாட்டிட்டு, விண்டோஸ் செட்டிங்ல சொல்லி வேலையை மட்டும் புது கார்டைச் செய்ய வைக்கறாங்க. ஆனா அந்த மதர்போர்டு விஜிஏவும் ஸ்கைலேக்குக்கு அப்புறம் ஒரு மொழிபெயர்ப்பு சிப் வழியாத்தான் வருது. போர்டுல ஒட்டியிருக்கறதால கண்ணுக்குத் தெரியாது.

இதுல வேடிக்கை, விஜிஏ செத்துப் போச்சுன்னு அறிக்கை விட்ட கம்பெனிகளோட சிப் ஓடற சர்வர் அறைக்குள்ள போய்ப் பாருங்க. ஏகப்பட்ட சர்வர்கள் பின்னாடி அதே நீல சாக்கெட். சர்வரைக் கண்காணிக்கற குட்டி சிப்புக்குள்ளயே ஒரு எளிய விஜிஏவும் இருக்கும். எச்பி, டெல் சர்வர்கள்ல பல வருஷம் அந்த இடத்துல உட்கார்ந்திருந்தது மேட்ராக்ஸ் ஜி200ன் வாரிசு. 1998ல் கேம் விளையாடறதுக்காக வந்த சிப்! சர்வருக்குத் திரை எப்பவோ ஒரு தடவைதான் வேணும். அப்ப அவசரத்துக்குக் கையில கிடைக்கற எந்த ஓட்டை மானிட்டரா இருந்தாலும் எழுத்து வந்தா போதும்.

"இவ்வளவு பாடு எதுக்கு, புது மானிட்டர் வாங்கிட வேண்டியதுதானே"ன்னு வீட்டுலயும் கேட்டாங்க. வாங்கலாம்தான். ஆனா என் மானிட்டரோட வெளிச்சம் எல்இடி இல்லை, உள்ளே மெல்லிசா ட்யூப்லைட் மாதிரி விளக்குங்க. அதுக்குள்ள பாதரசம். இதுக்கு முன்னாடி இருந்த ட்யூப் மானிட்டரைப் பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போட்டப்போ, அந்தக் கண்ணாடியில ஈயம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. அவர் அதைத் தெருமுனையிலேயே சுத்தியல் வச்சு உடைச்சு, செம்புக் கம்பிச் சுருளை மட்டும் எடுத்துக்கிட்டுக் கண்ணாடியைக் குப்பைத்தொட்டி ஓரமா விட்டுட்டுப் போனார். மழை பெய்ஞ்சது. இந்தியாவுல மின்கழிவு விதிகள் அமலுக்கு வந்தது 2012ல, இது அதுக்கு முன்னாடி. அந்தக் கண்ணாடிக் குவியல் ரொம்ப நாள் அங்கயே கிடந்தது.

டப்பா போன வாரம் வந்தது. மாட்டினேன். திரை ஒரு நொடி கறுத்து, படம் வந்தது. ஆனா எழுத்து எல்லாம் லேசாக் கலங்கி, 'ண'வும் 'ன'வும் ஒண்ணாத் தெரிஞ்சது. கீழே தடவி ஆட்டோ பட்டனை அமுக்கினேன். இடப்பக்கம் ஒரு துள்ளு, வலப்பக்கம் ஒரு துள்ளு, உட்கார்ந்துருச்சு. இந்தப் பதிவை அதுலதான் அடிக்கறேன்.

அந்த முதல் கேபிளைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்க மாட்டேன்னுட்டார். டிராயர்ல, நாலு வெள்ளை அடாப்டரோட அதுவும் கிடக்கு.